பால் வண்டி யாருக்காகவும் நிற்காது: வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில் நானே ஒரு கேள்வி கேட்டு வைத்திருந்தேன். வயல், தோட்டம், மாடு என்று இருக்கிற வீடுகளில் பெண்கள் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள், எந்த இடத்தில் இடிக்கிறது, எழுதி அனுப்புங்கள் என்று. எழுதி வந்தவை கொஞ்சம்தான், மீதி எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. ஏன் என்று ஒருவரைக் கேட்டேன். "எழுதணும்னா உட்காரணும்ல" என்றார். பதிவுகளுக்குப் பின்னால் குக்கர் விசில், மாடு கத்துவது, "அம்மா சாக்ஸ் எங்க" என்று யாரோ கூப்பிடுவது எல்லாம் சேர்ந்தே வந்திருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கிட்டத்தட்ட எல்லோரும் கேட்டதால் ஊர்ப் பக்கம் மட்டும் போட்டிருக்கிறேன்.

"அக்கா, எங்களுக்கு ரெண்டரை ஏக்கர், மஞ்சளும் வாழையும். ரெண்டு கறவை மாடு. பையன் ஆறாவது, பொண்ணு மூணாவது. மாமியாருக்கு முட்டி வலி, பாவம் அவரால் முடியாது. எங்க வீட்டுக்காரர் நல்லவர்தான், கேட்டால் எதையும் செய்வார். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது இன்னும் நாலு வேலை மிச்சம் இருக்கிறது. நான் மெதுவாக வேலை பார்க்கிறேனா, இல்லை திட்டம் போடத் தெரியவில்லையா?" (கோபிசெட்டிபாளையம் பக்கம்)

மெதுவாகப் பார்த்தால் இந்த வேலை பத்து மணிக்கு முடியாது தங்கச்சி, மறுநாள் பத்து மணிக்குத்தான் முடியும். அதனால் வேகத்தைப் பற்றிய கவலையை விடுங்கள். திட்டம் போடத் தெரியவில்லையா என்று கேட்டீர்களே, அதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒட்டன்சத்திரம் பக்கம் என் சித்தி வீட்டில் ஒரு நாள் திண்ணையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். சித்தி என்னென்ன செய்கிறார், எத்தனை மணிக்குச் செய்கிறார் என்று குறித்துக்கொண்டே வந்தேன். காலை 4:40-க்குக் கட்டுத்தரையில் சாணி அள்ளத் தொடங்கினார். 8:40-க்குள் நான் எழுதி முடித்த வேலைகள் 31. அதில் இடையில் யாரும் கூப்பிடாமல், எழுந்து ஓடாமல் ஒரே மூச்சில் செய்த வேலை பால் கறப்பது மட்டும்தான், அது ஒரு 18 நிமிடம். மற்றதெல்லாம் துண்டு துண்டு. உலை வைத்தார், பாதியில் போய்த் தண்ணீர் பிடித்தார், அரிசி களைந்தார், பாதியில் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு ஓடியது. 5:30-க்குத் தனக்கென்று ஆற்றி வைத்த டீயை 8:20-க்கு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே நின்றபடி குடித்தார். மேலே கட்டியிருந்த ஆடையை விரலால் ஒதுக்கிவிட்டுக் குடித்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

சித்தப்பா சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது என்று டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மோட்டார் போடப் போனவர், மடை மாற்றி மாற்றித் தண்ணீர் பாய்ச்சிவிட்டு ரெண்டரைக்குத்தான் வந்து படுத்தார். பாம்பு கிடக்கிற வரப்பு அது. அவர் உழைப்பில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவருடைய வேலை ஒரே வேலை, தொடங்கினார், முடித்தார், காலை ஏழரை வரை தூங்கினார், யாரும் எழுப்பவில்லை. அவர் கிளம்பும்போது எழுந்து கதவைத் திறந்து விட்டு, வந்ததும் எழுந்து சுடுதண்ணி வைத்துக் கொடுத்த சித்தியைப் பால் வண்டி எழுப்பிவிட்டது.

அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆண்கள் பார்க்கிற விவசாய வேலைகள் பெரும்பாலும் இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு என்று தள்ளக்கூடியவை. வேலி கட்டுவது, உழவு ஓட்டுவது, மருந்து அடிப்பது, உரக்கடைக்குப் போவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது. பருவம் தவறக்கூடாது, ஆனால் ஒரு மணி நேரம் தவறலாம். உங்கள் தலையில் இருக்கிற வேலைகளுக்கெல்லாம் வேறு யாரோ மணி குறித்து வைத்திருக்கிறார்கள். சொசைட்டியில் பால் எடுக்கிற நேரம், பள்ளிக்கூட வண்டி வருகிற நேரம், குழாயில் தண்ணி விடுகிற நேரம், கூலி ஆட்களுக்கு டீ கொண்டுபோகிற நேரம், மாமியார் மாத்திரை போடுகிற நேரம். இந்த மணிகளுக்கு நடுவில் விழுகிற இடுக்குகளில்தான் களை எடுக்கிறீர்கள், புல் அறுக்கிறீர்கள், துணி துவைக்கிறீர்கள். அடுத்தவர் மணி அடிக்கிற நாளில் நீங்கள் எந்தத் திட்டத்தைப் போட்டு என்ன செய்ய?

அரசாங்கமே இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் நேரப் பயன்பாட்டு ஆய்வு என்று ஒன்று நடத்தியது. காலை 4 மணியிலிருந்து மறுநாள் காலை 4 மணி வரை ஒருவர் என்ன செய்தார் என்று கேட்டு எழுதுவார்கள். 4 மணியில் நாளைத் தொடங்கிய புண்ணியவான் யாரோ, கிராமத்துப் பெண்ணைப் பார்த்திருக்க வேண்டும். சம்பளமில்லாத வீட்டு வேலையில் 81.2 சதவீதம் பெண்கள் ஈடுபட்டிருந்தார்கள், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படி ஈடுபட்டவர்களில் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். பாத்திரத்தையே தொடாத ஆண்களைச் சேர்க்காமல் வந்த 97 இது. 2024-ல் திரும்ப எடுத்தபோது பெண்களுக்கு 289 ஆகியிருந்தது. பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்படப் போனால் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்து 88 ஆகியிருக்கிறது! இன்னொன்று, இந்த ஆய்வில் நாளை அரை அரை மணி நேரமாகப் பிரித்து, ஒரே அரை மணியில் பல வேலை செய்திருந்தால் 10 நிமிடமாவது நீடித்த வேலைகளைத்தான் எழுதிக்கொள்வார்கள், அதிலும் மூன்று வரைதான். என் சித்தியின் 31-ல் பாதி அந்தத் தாளில் ஏறியே இருக்காது.

சரி, என்ன செய்யலாம்? "கேட்டால் செய்வார்" என்கிறீர்கள். கேட்பதும் ஒரு வேலைதான். எதை எப்போது கேட்க வேண்டும் என்று நாள் முழுக்க மண்டையில் வைத்துக்கொண்டு திரிவது நீங்கள்தானே. அதனால் சின்னச் சின்ன உதவிகளைக் கேட்காமல், மணி வைத்த வேலைகளில் ஒன்றை முழுசாகக் கையில் கொடுத்துவிடுங்கள். சாயங்காலக் கறவை என்று வைத்துக்கொள்வோம். கறப்பது மட்டும் இல்லை, மடி கழுவுவது, கேனைக் கழுவிக் கவிழ்ப்பது, நேரத்துக்குச் சொசைட்டியில் ஊற்றிப் பால் அட்டையில் பதிந்து வருவது, கலப்புத் தீவனம் தீரப் போகிறது என்பதை நீங்கள் சொல்லாமலே தெரிந்து மூட்டை வாங்கிப் போடுவது வரை அவர் பொறுப்பு. முதல் பத்து நாள் மாடு பாலை அடக்கும், உங்கள் கை பழகிய மாடு, அப்படித்தான் செய்யும். ஒரு லிட்டர் குறையும். குறையட்டும். அந்தப் பத்து நாள் நீங்கள் கட்டுத்தரைப் பக்கம் போகாமல் இருப்பதுதான் கஷ்டம், என்னைக் கேட்டால் மாட்டைவிட நீங்கள்தான் அதிகமாக முரண்டு பிடிப்பீர்கள்.

அப்புறம் ஒரு கேள்வி, பதில் எனக்கு வேண்டாம், நீங்களே யோசியுங்கள். சொசைட்டியில் உறுப்பினர் யார் பெயரில் இருக்கிறது, பால் பணம் யார் கணக்கில் ஏறுகிறது?

"நாங்களும்தான் வெயிலில் சாகிறோம். பொம்பளைகள் சாயங்காலம் மூணு மணி நேரம் சீரியல் பார்ப்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லையே?" (மன்னார்குடி பக்கம், ஒரு வாசகர்)

எடுக்கலாம் தம்பி. இன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் சீரியல் பார்க்கும்போது திரையைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். முருங்கைக்கீரை உருவுகிறார்களா, பூண்டு உரிக்கிறார்களா, பிள்ளைக்குப் பேன் பார்க்கிறார்களா, யூனிஃபார்மில் பட்டன் தைக்கிறார்களா என்று. கை சும்மா இருந்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுப் போடுகிறேன்.

"நான் பி.எஸ்சி. முடித்தவள். கல்யாணமாகி நாலு வருஷம். எங்களுக்கு மக்காச்சோளக் காடு இருக்கிறது. ஏதோ கணக்கெடுப்பு என்று வந்தவர் என் மாமனாரிடம் கேட்டார். 'மருமக வீட்டுல சும்மாதான் இருக்கு' என்று மாமனார் சொல்ல, வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அப்போதுதான் காட்டில் களை எடுத்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதெல்லாம் பெரிய விஷயமா என்று வீட்டில் கேட்கிறார்கள்." (விருத்தாசலம் பக்கம்)

பெரிய விஷயம்தான். உங்கள் மாமனார் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், சம்பளக் கவர் வராததெல்லாம் அவருக்குச் "சும்மா". ஆனால் அந்த ஒரு சொல் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

நம் நாட்டில் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் போடுவார்கள். வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் 92. வீட்டு வேலையோடு விறகு, கீரை, மாட்டுத் தீவனம் போன்றவற்றைக் காசு கொடுக்காமல் பொறுக்கி வருவது, வீட்டுக்காகத் தைப்பது இதெல்லாம் செய்கிறவர் 93. இந்த ரெண்டு எண்ணில் எது விழுந்தாலும் நீங்கள் உழைப்பாளர் கணக்கில் இல்லை, வேலை தேடுகிறவர் கணக்கிலும் இல்லை. ஆனால் குடும்பத்து நிலத்தில் கூலி வாங்காமல் வேலை செய்கிறவருக்கு 21 என்று தனி எண் இருக்கிறது, அவர் உழைப்பாளர். நீங்கள் மக்காச்சோளக் காட்டில் களை எடுத்தது நேராக 21. மாமனார் வாயால் 92 ஆகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த முறை யாராவது வந்தால் நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள். பிரதான வேலை என்ன என்று கேட்ட பிறகு, துணை வேலை ஏதும் உண்டா என்றும் அவர்கள் கேட்க வேண்டும். வருஷத்தில் 30 நாளுக்குக் குறையாமல் செய்திருந்தால் அது துணை வேலையாகப் பதிவாகும். நீங்கள் விதைப்பு, களை, கதிர் ஒடிப்பு என்று கூட்டிப் பார்த்தால் 30 நாள் எங்கேயோ தாண்டிவிடும். "மக்காச்சோளம், இத்தனை நாள்" என்று நாளைச் சொல்லுங்கள், "கூடமாட ஒத்தாசை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், நம் ஊரில் பெண்களே அப்படிச் சொல்லிக்கொள்கிற கெட்ட பழக்கம் இருக்கிறது.

எண் மாறினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பார்கள். கிராமத்தில் வேலைக்குப் போகும் பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலங்களில் பெண்கள் பெயரில் இருந்தவை சுமார் 14 சதவீதம். பிரதமர் கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு வருகிற 6,000 ரூபாய் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. பட்டாவில் பெயர் இல்லாத, கணக்கிலும் "சும்மா" இருக்கிற ஒருத்தி கூட்டுறவு வங்கியில் பயிர்க் கடன் கேட்டுப் போனால் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்? எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது பெண் விவசாயிகள் உரிமைக்காக ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் உழுகிறவளை விவசாயி என்று சான்று கொடுத்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அது சட்டமாகாமலே காலாவதியானது. பெண் விவசாயிக்கென்று 2026-ஐ ஐ.நா. சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. அறிவிக்கட்டும். உங்கள் வீட்டுத் திண்ணையில் 21 என்று எழுத வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது, நாடு முழுக்க வந்தது 2005-ல். புகுந்த வீட்டில் ஒரு சொல்லுக்காக அழுத நீங்கள் பிறந்த வீட்டில் இதைக் கேட்டீர்களா?

"மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகை வருகிறதே, வீட்டு வேலைக்குத்தான் அரசாங்கமே சம்பளம் கொடுக்கிறதே, அப்புறம் என்ன சலிப்பு என்கிறார் என் கணவர். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை." (சங்கரன்கோவில் பக்கம்)

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது. நாளுக்கு 33 ரூபாய். மேலே சொன்ன 289 நிமிடத்தை வைத்துப் பார்த்தால் மணிக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கூலிக்கு அவர் யார் காட்டுக்காவது போய் மண்வெட்டி பிடிப்பாரா என்று கேளுங்கள். அதைச் சம்பளம் என்று நினைத்தால் கேவலமான சம்பளம். பெண்களின் கூலியில்லாத உழைப்பை ஒத்துக்கொண்டு கொடுக்கிற தொகை என்றுதான் அரசு சொன்னது, பெயரிலேயே உரிமை என்று வைத்தது, அந்த அர்த்தத்தில் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் நேரம் என்று பார்த்தால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம். அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போகிற பிள்ளை அங்கேயே பொங்கலோ உப்புமாவோ சாப்பிடுகிறது என்றால், ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு தாய்க்கு அடுப்படியில் அரை மணி நேரம் விடுகிறது, அதுவும் நாளிலேயே நெருக்கடியான அரை மணி நேரம். பணத்தை வாங்கி யாராவது டீக்கடைக்குக் கொண்டுபோய்விடலாம், அந்த அரை மணியை யாரும் கொண்டுபோக முடியாது என்றுதான் எழுத வந்தேன். எழுதும்போதே சந்தேகம் வந்துவிட்டது. அந்த அரை மணியில் இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கணவருக்கு இன்னொரு தோசையா?

"நாங்க பதினாலு பேர் ஒரு செட்டா நடவுக்குப் போவோம். எங்க ஊர்ல நடவு மெஷின் வந்து ரெண்டு வருஷமாச்சு. இப்ப பொம்பளைகளுக்கு நேரம் மிச்சம்னு பேசிக்கிறாங்க. நேரம் இருக்கு, கூலி எங்க? வெளியூர் வேலைக்கு லோடு ஆட்டோவுல போறோம், விடிய அஞ்சரைக்கு வண்டி வந்துரும், அதுக்கு மூணரைக்கே எந்திரிச்சு சோறாக்கணும். இது முன்னேற்றமா?" (திருவாரூர் பக்கம், குரல் பதிவு)

இல்லை தாயி. நிலம் இருக்கிற வீட்டுக்கு மெஷின் நேரத்தை மிச்சம் பண்ணிக் கொடுக்கிறது, நிலம் இல்லாத வீட்டில் அதே மெஷின் கூலியைப் பிடுங்கிக்கொண்டு, தூரத்து வேலைக்குப் போக வைத்து, உங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. இதை ஒரே சொல்லில் முன்னேற்றம் என்பவர்கள் மூணரைக்கு எழுந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இதில் உறுத்துவது ஒன்று உண்டு. குனிந்து நாற்று நடுவது பெண் வேலை. அதற்கு இருக்கை வைத்த மெஷின் வந்ததும் அது ஆண் வேலை ஆகிவிடுகிறது. களையெடுப்பும் அப்படித்தான். திருந்திய நெல் சாகுபடியில் கோனோ வீடர் என்று உருளைக் களைக்கருவி வந்தது, நிமிர்ந்து நின்று தள்ளிக்கொண்டே போகலாம், பல ஊர்களில் அதைப் பிடித்தது ஆண்கள் கை. அதுவரை முதுகு ஒடியக் குனிந்து கையால் பறித்துக்கொண்டிருந்தவர்கள் பெண்கள். சேறு அதேதான், பயிர் அதேதான், நிமிர்ந்து செய்யலாம் என்றதும் ஆள் மாறிவிட்டது. கூலியும் மாறிவிட்டது. சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976-லேயே சட்டம் போட்டாயிற்று, ஆனால் "அது வேற வேலை, இது வேற வேலை" என்று பெயரை மாற்றிவிட்டால் சட்டம் என்ன செய்யும்.

மெஷின் திரும்பிப் போகாது. அதனால் என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உங்கள் பதினாலு பேரில் சைக்கிளோ ஸ்கூட்டியோ ஓட்டத் தெரிந்த இளம்பெண் ஒருத்தியோ ரெண்டு பேரோ இருப்பார்கள். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் நடவு இயந்திரம் ஓட்டப் பயிற்சி எப்போது என்று அவர்களை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். மகளிர் குழுவுக்கு டிரோனே கொடுக்கலாம் என்று 2023-ல் மத்திய அரசு திட்டம் போட்டிருக்கிறது, 15,000 குழுக்களுக்கு. நடவு மெஷின் ஓட்டுவது அதைவிடச் சுலபம். உடனே பதினாலு பேருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்குக் கிடைத்தால் அந்த ரெண்டு பேர் நிமிர்ந்து வேலை பார்ப்பார்கள்.

கைக்குழந்தை இருக்கிறவர்கள் உங்கள் செட்டில் உண்டா என்று நீங்கள் சொல்லவில்லை. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில் ஒரு நல்ல விதி எழுதினார்கள். வேலைத் தளத்தில் ஆறு வயதுக்குக் கீழ் அஞ்சு பிள்ளைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே வேலைக்கு வந்த ஒரு பெண்ணையே ஒதுக்கி, அவருக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று. பிள்ளை பார்ப்பதும் கூலிக்குரிய வேலை என்று ஒரு சட்டத்தில் ஏறியிருக்கிறது பாருங்கள். லோடு ஆட்டோவில் கூட்டிப் போகிற மேஸ்திரியிடமும் இதைக் கேட்டுப் பார்க்கலாம், சிரிப்பார், பதினாலு பேரும் சேர்ந்து கேட்டால் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்.

"மிளகாய்ப் பழம் பறிக்கப் போனால் ஏழு மணிக்கு இறங்கி ஒரு மணிக்குத்தான் ஏறுவோம். காட்டில் ஒதுங்க மறைவு கிடையாது, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. இப்போது அடிக்கடி நீர்க்கடுப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும்." (ராமநாதபுரம் பக்கம்)

போங்கள். ஒரு நாள் கூலி போகட்டும். அடக்கி வைத்து, தண்ணீரும் குடிக்காமல் இருந்தால் தொற்று திரும்பத் திரும்ப வரும், காய்ச்சலும் இடுப்பு வலியும் சேர்ந்தால் சிறுநீரகம் வரைக்கும் போகும், அப்புறம் போவது ஒரு நாள் கூலி இல்லை. நாட்டு மருந்து, நீர்மோர் எல்லாம் நல்லதுதான், ஆனால் கடுப்போடு காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம்.

மறைவுக்கு நாலு கம்பும் ரெண்டு பழைய சேலையும் போதும், வரப்பு ஓரத்தில் ஒரு தட்டி. காட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் வீட்டுப் பெண்களும் அந்தக் காட்டுக்கு வருகிறவர்கள்தானே, அவர்கள் வழியாகக் கேட்டால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

"எனக்கு 62 வயது. மருமகள் பின்னலாடை கம்பெனிக்குப் போகிறாள். பேத்தியைப் பார்ப்பது, ஆடு மேய்ப்பது, சமையல் எல்லாம் இப்போது நான்தான். என் காலத்தில் மாமியாருக்கும் செய்தேன், இப்போது மருமகளுக்கும் செய்கிறேன். நடுவில் எனக்கு எப்போது?" (காங்கேயம் பக்கம்)

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அடுத்த கடிதத்துக்குப் போக முடியவில்லை. பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்று நாம் பெருமையாக எழுதுகிறோம், அவர்கள் விட்டுப் போன அடுப்படி காலியாகக் கிடக்கவில்லை, இன்னொரு பெண், அதுவும் வயதான பெண், அங்கே நிற்கிறார் என்பதை எழுதுவதில்லை. உங்கள் மகன் எங்கே இருக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை, கவனித்தீர்களா? மாமியார், மருமகள், பேத்தி எல்லோரும் இருக்கிறார்கள்.

பேத்திக்கு ரெண்டு வயது முடிந்திருந்தால் அங்கன்வாடியில் விடுங்கள். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை உங்களுக்குக் கிடைக்கும். "பாட்டி இருக்கும்போது பால்வாடி எதற்கு" என்று யாராவது கேட்டால், பாட்டி ஆட்டோடு போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை அடுப்பு உங்களுடையது இல்லை என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருமகளிடம் சொல்ல வேண்டாம், அவளுக்கும் வாரத்தில் அந்த ஒரு நாள்தான். மகனிடம் சொல்லுங்கள்.

"அக்கா, நான் பிளஸ் டூ. அம்மா நடவு, களை என்று போகிற நாளில் காலைச் சமையல் என் தலையில். அண்ணன் காலேஜ், ஏழரை வரை தூங்குவான், எழுந்ததும் டிபன் பாக்ஸ் எங்கே என்பான். சொன்னால் அம்மாவே 'அவனுக்கு என்னடி தெரியும்' என்கிறார். மார்ச்சில் பரீட்சை." (உசிலம்பட்டி பக்கம்)

இதற்குப் பதில் உன் அம்மாவுக்கு, நீ படித்துக் காட்டு. அக்கா, உங்கள் பெண்ணுக்கு என்ன தெரிந்து அடுப்படியில் விட்டீர்கள்? அவளும் முதல் நாள் கையைச் சுட்டுக்கொண்டுதானே கற்றுக்கொண்டாள். உங்களுக்கு வேறு வழி இல்லை, விடிவதற்குள் வயலில் இறங்க வேண்டும், அது புரிகிறது. ஆனால் வீட்டில் ரெண்டு பிள்ளை இருக்கும்போது ஒரு பிள்ளையின் படிப்பு நேரத்தில் மட்டும் கை வைக்கிறீர்கள். காலேஜ் பையனுக்கு ஒரு செமஸ்டர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், பிளஸ் டூ மார்க் அப்படி இல்லை.

இனி உனக்கு. சமையல் முழுவதையும் அவனிடம் தள்ளினால் நடக்காது, வீட்டில் சண்டைதான் வரும். ரெண்டு வேலை மட்டும் கொடு: குக்கரில் சோறு வைப்பது, மூணு டிபன் பாக்ஸும் கட்டுவது. ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், எத்தனை விசில் என்று ஒரு தாளில் எழுதி அடுப்புக்கு மேலே ஒட்டிவிடு. அலாரம் உன் போனில் வைக்காதே, அவன் போனில் ஆறே காலுக்கு வை, அது அடிக்கும்போது நீ புத்தகத்தோடு மொட்டை மாடியிலோ திண்ணையிலோ இரு, அடுப்படி கண்ணில் படாத இடமாகப் பார்த்து. முதல் வாரம் சோறு குழையும். குழைந்த சோற்றில் மோரை ஊற்றி ஊறுகாய் வைத்துக் கொண்டுபோ, நான் ஒரு வருஷம் முழுக்க அப்படித்தான் கொண்டுபோனேன், எங்கள் வீட்டில் அப்பாதான் சோறு வைப்பார்.